படத்தில் வராத சொல்

ஸ்மராண்டா ஓடிப்போய் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அப்படியும் அவள் வீட்டிலிருந்த இருநூற்றுச் சொச்சம் சொற்கள் மதில்மேல் ஏறிக் குதித்துப் போய்விட்டன. செப்டம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. தாழ்ப்பாள் போட்டது சொற்களுக்காக அல்ல, நெஃபிஸேக்காக. பக்கத்து வீட்டு வாசலில் குதிரை வண்டி தயாராக நின்றது. அதில் இரண்டு மெத்தை, ஒரு தையல் மிஷின், கூண்டில் ஆறு கோழி, கடிவாளத்தைப் பிடித்தபடி காதிர். அவன் மனைவி நெஃபிஸே மட்டும் வண்டியிலிருந்து இறங்கி வந்து ஸ்மராண்டாவின் கதவைத் தட்டினாள்.

"ஸ்மரா, திறடி. ஒரே ஒரு வார்த்தை."

ஸ்மராண்டா உள்ளே கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள்.

"உள்ளதான் இருக்கே. நீ மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது. இருபத்திரண்டு வருஷமாக் கேட்ட மூச்சுடி, எனக்குத் தெரியாதா?"

நெஃபிஸே கதவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். சக்கரம் உருண்டது, சொற்கள் கிளம்பின.

ருமேனிய நாட்டு ஸாரிகுயு கிராமத்தில் துருக்கியரும் ருமேனியரும் மதிலுக்கு மதில் நானூறு வருஷம் இருந்தார்கள். அதில் இரண்டு பாஷைக்கும் பொதுவாகிப்போன சொற்கள் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சூப்பு, ஜன்னல் கண்ணாடி, தீக்குச்சி, காலுறை, அலமாரி, படுக்கை விரிப்பு, மாம்பழம் மாதிரி மஞ்சளாகப் பழுக்கும் ஆப்ரிகாட், தண்ணீர்க் குழாய், விருந்தாளி, எதிரி, தொல்லை என்று எல்லாமே இரண்டு பக்கமும் ஒரே சொல்தான். அரசாங்கங்கள் இரண்டும் பேசி, விருப்பப்பட்ட துருக்கியர் கப்பலேறித் துருக்கி தேசத்து அனதோலியாவுக்குப் போகலாம் என்று முடிவுசெய்த பிறகு, மூன்று கோடையில் நாற்பது குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. அப்போதெல்லாம் ஒரு சொல்கூட நகரவில்லை. கடைசிக் குடும்பம் போகும்போதுதான் போகும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் சொல்வதை எந்த ஊர் நம்பியிருக்கிறது?

சொல் போனதும் பொருள் மறைந்துவிடவில்லை, வேலை செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டது. கண்ணாடி இருந்தது, வெளிச்சம் உள்ளே வரவில்லை. தீக்குச்சியை உரசினால் உரசிய சத்தம்தான். காலுறை போட்டவர்களுக்குக் கால் விறைத்தது. அலமாரியில் வைத்ததெல்லாம் கீழே வந்து நின்றது. கடைவீதியில் ஸ்மராண்டா நடத்திய சூப்புக்கடையில்தான் அடி பலமாக விழுந்தது. விறகைக் கடன் நெருப்பில் பற்றவைத்து, ஆட்டுக் குடலும் புளித்த தவிட்டு நீருமாக அண்டாவை ஏற்றினாள். அண்டா மூன்று நாள் அடுப்பில் இருந்தது. ஒரு கொப்புளம்கூட வரவில்லை. வண்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வராமல், பல் போன இடத்தைத் துழாவுகிற மாதிரி நாக்கால் துழாவிவிட்டு எழுந்து போனார்கள்.

ஊர் முழுக்க ஸ்மராண்டாவுக்காகப் பரிதாபப்பட்டது. அவளும் குறைவைக்காமல் சொல்லித் தீர்த்தாள். "ஒரே மதில்ய்யா. அவ வீட்டு ரொட்டி எங்க வீட்ல, எங்க வீட்டு ஊறுகா அவ வீட்ல. போக மனு எழுதிக் குடுத்திருக்காங்க, எனக்கு ஊர் சொல்லித்தான் தெரியுது. முதுகுல குத்துறவ மூஞ்சியில சிரிப்பாளாம்." சொல்லும்போது வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொள்வாள். அந்த விரலில் பிறை மாதிரி ஒரு தழும்பு உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் குடல் நறுக்கும்போது கத்தி பாய்ந்தது. புகையிலைத்தூள் அடைத்து, தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டவள் நெஃபிஸேதான்.

நாங்கள் மனு கொடுக்கவே இல்லை என்று புறப்படுவதற்கு முன் காதிர் சாதித்ததும் உண்மை. கிராம அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தான். எழுத்தர் கெராஸிம் மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னான்: "உன் பேரு, உன் கைரேகை, நடுவுல அரசாங்க முத்திரை. நான் என்னய்யா பண்ண முடியும்?" மனுவில் போட்டிருந்த தேதியில் தான் டான்யூப் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்ததாகக் காதிர் கத்தினான். போகிறவர்கள் எல்லோரும் கடைசி நேரத்தில் அப்படித்தான் கத்துவார்கள் என்று ஊர் நினைத்தது. நான்காம் தடவை நெஃபிஸே போனாள். காகிதத்தைக் காட்டச் சொன்னாள். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மெத்தைகளைச் சுருட்ட ஆரம்பித்தாள். கணவனிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் வீடும், ஒன்பது ஆப்ரிகாட் மரமும், ஊரிலேயே தித்திப்பான தண்ணீர் வரும் குழாயும் சட்டப்படி ஒட்டிய வீட்டுக்காரிக்குப் போயின. ஸ்மராண்டா மதிலில் ஒரு வழி உடைத்தாள். ஆனால் குழாய்க்கான சொல்லும் வண்டியோடு போயிருந்ததால், அதில் காற்றுகூட வரவில்லை.

பத்தொன்பதாம் நாள், கான்ஸ்தான்ட்சா துறைமுகத்துக்கு மூட்டை ஏற்றிப் போன வண்டிக்காரன் ஒரு செய்தியோடு திரும்பினான். காதிர் கப்பலில் ஏறிவிட்டான், தையல் மிஷின் ஏறிவிட்டது, கோழிகூட ஏறிவிட்டது, நெஃபிஸேயால் ஏற முடியவில்லை. ஏணியின் மூன்றாம் படியில் கால் நின்றுவிடுகிறது. ஊரைவிட்டுப் போகிறவர்கள் வீடுவீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததை எல்லாம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்பார்கள். அவர்களும் "ஹெலால்" என்று சொல்லி விட்டுக்கொடுப்பார்கள். ஒரே ஒரு வீடு சொல்லாவிட்டாலும் ஏணி ஏற்காது. துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கப்பல் வெள்ளிக்கிழமை மதியம் புறப்படுகிறது.

கெராஸிம் துள்ளி எழுந்தான். "பிடி கிடைச்சிருச்சு! ஸ்மராண்டா, நீ போ. நம்ம சொல்லையெல்லாம் குடுத்தாத்தான் நீ வாயத் திறப்பேன்னு சொல்லு."

பட்டியல் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. போன சொல்லை எப்படி எழுதுவது? கெராஸிம் பென்சிலைச் சீவிக்கொண்டு, ஒவ்வொன்றையும் படமாக வரைந்தான். கண்ணாடிக்கு ஒரு கட்டம், அதில் குறுக்கே ஒரு கோடு. காலுறைக்குக் காலுறை. எதிரிக்குத் தன் மச்சானை வரைந்தான், ஊரே ஒத்துக்கொண்டது. தொல்லைக்கு யாரை வரைவது என்பதில் சண்டை வந்து, கடைசியில் வரி வசூலிப்பவரின் தொப்பியை மட்டும் வரைந்தார்கள். பதினாறு பக்கம், இருநூற்றுப் பதினொரு படம். வரைய முடியாதது ஏதாவது விட்டுப்போயிருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்மராண்டா பெரிய செப்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். துறைமுகத்தில் மூட்டைகளுக்கு நடுவே நெஃபிஸே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் பாதியாகியிருந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள் நெஃபிஸே. "அண்டாவோட வந்திருக்கே. எனக்குச் சூப்பு கொண்டாந்தியா?"

"கிண்டலா? அடுப்புல வச்சாக் கொதிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டியேக்கா. ஊரு வாயில்லாம கெடக்கு."

"நான் எங்கடி அள்ளினேன்? என் பின்னாடி வந்துச்சு. கோழி வரலையா, அந்த மாதிரி. திரும்பிப் போன்னு விரட்ட எனக்கு மனசு வரல, அவ்வளவுதான்." பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "கெராஸிம் போட்டதா? நல்லாத்தான் போடுவான். காகிதத்துல அவன் எத வேணும்னாலும் கொண்டாந்துருவான்."

ஸ்மராண்டா தரையைப் பார்த்தாள். நெஃபிஸே முதல் படத்தில் விரலை வைத்து, அண்டாவுக்குள் குனிந்து, அந்தச் சொல்லைச் சொன்னாள். அண்டா டங் என்றது. அடுத்த படம். அடுத்தது. எதிரிக்குப் போட்ட மச்சான் படம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்காமல், ஸ்மராண்டாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது உனக்குக் கண்டிப்பா வேணும்" என்று சொல்லி உள்ளே போட்டாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூடியை அழுத்திச் சாத்தித் துணியால் கட்டிக் கொடுத்தாள். கப்பல் முதல் சங்கு ஊதியது.

"இப்ப என்னை விடு. சொல்லு."

ஸ்மராண்டா வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். சொல்ல வேண்டிய அந்தச் சொல்லும் வண்டியோடு வந்த கூட்டத்தில்தான் இருந்தது, பட்டியலில் அதற்குப் படம் இல்லை, அண்டாவுக்குள் அது போகவில்லை.

நெஃபிஸே எழுந்து நின்றாள். "சரி, கைய நீட்டு. இரவல்தான் தர்றேன். சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துரணும்."

உள்ளங்கையில் வாயை வைத்து அந்தச் சொல்லைக் கொடுத்தாள். சூடாக, குருவிக் குஞ்சு கனம் இருந்தது என்று ஸ்மராண்டா பின்னாளில் சொன்னதுண்டு. அவள் அதை எடுத்துச் சொன்னாள். "ஹெலால், அக்கா." நெஃபிஸேயின் கால் சட்டென்று லேசாயிற்று. இரண்டாம் சங்கு.

ஆனால் அவள் நகரவில்லை. ஸ்மராண்டாவின் வலது கையைப் பிடித்து, மடங்கியிருந்த கட்டைவிரலைப் பிரித்து, பிறைத் தழும்பின்மேல் தன் பெருவிரலை அழுத்திக்கொண்டாள்.

"ஆறிருச்சு."

"எப்பவோ."

"சொல்லு இன்னும் உங்கிட்டதான் இருக்கு, ஸ்மரா. என்கிட்ட நீ கேக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?"

மூட்டை தூக்குபவர்கள் கத்திக்கொண்டே இருவரையும் சுற்றிப் போனார்கள். கடல்காகம் ஒன்று பெட்டிமேல் வந்து உட்கார்ந்து விதைத்தோலைக் கிளறியது.

"நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள் ஸ்மராண்டா. "விட்டுட்டுப் போறது நீ."

நெஃபிஸே தலையாட்டினாள். உள்ளங்கையைக் குவித்து நீட்டி, இரவல் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் ஏணியில் ஏறினாள். மூன்றாம் படி சும்மா இருந்தது.

அண்டாவின் கனத்தைப் பார்த்த ரயில் பரிசோதகர் சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்றார். "உள்ள என்னம்மா?" "பேச்சு" என்றாள் ஸ்மராண்டா. அவர் ரசீதில் அப்படியே எழுதிக் கொடுத்தார். அன்று மாலை ஊர்ச் சதுக்கத்தில் மூடியைத் திறந்ததும் எல்லாம் கலைந்து வீடு பார்த்துப் போயின. கண்ணாடி வெளிச்சம் விட்டது, குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது, சூப்பு பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் ஸ்மராண்டா கடை நடத்தினாள். ஆப்ரிகாட் மரத்தடியில் மேஜை போட்டாள். யுத்தம் வந்தது, போனது, நிலமெல்லாம் கூட்டுப்பண்ணையானது. சூப்பின் ருசி மாறவில்லை. நெஃபிஸே பேச்சு வந்தால் மட்டும், "அவ என்னை விட்டுட்டுப் போனவ" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

பட்டியலில் இல்லாத சொல் ஸாரிகுயுவுக்குத் திரும்பி வரவே இல்லை. இங்கே அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து தீர்ந்துவிட்டாலும், விட்டுக்கொடுத்தேன் என்று அந்தச் சொல்லால் சொல்ல முடியாது. அவசரமென்றால் இருவரும் மெஜிதியா வரை ரயிலில் போவார்கள். அந்த ஊரில் இன்னும் துருக்கியர் இருப்பதால் சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்கள். கைக்குள் மூடிக் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு, ஊர் எல்லைக்கல் தாண்டினால் கை காலியாக இருக்கும். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரயாண நேரத்தையும் சேர்த்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

ஸ்மராண்டா கடைசியாகப் படுத்தபோது, தன்னை மெஜிதியாவுக்குத் தூக்கிப் போகச் சொன்னாள். போனார்கள். பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டார்கள். அவள் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு வண்டிகள் போன பிறகு, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அந்த வாரமே இறந்தாள்.

அடுத்த வசந்தத்தில் பழைய கிராம அலுவலகத்தை இடித்தார்கள். காகிதங்களைத் தரம் பிரித்தவர்களில் இதைச் சொல்பவனும் ஒருவன். காதிர் குடும்பத்தின் மனு ஒரு துளைகூட இல்லாமல் பத்திரமாக இருந்தது. சொந்த விருப்பத்தின்பேரில் ஊரைவிட்டுப் போகிறேன் என்று கெராஸிமின் அழகான கையெழுத்தில் இரண்டு வரி. கீழே காதிரின் பெயர். பெயருக்கு நேராக, ஊதா மையில், ஒரு வலது கட்டைவிரல் ரேகை. அதன் நடுவே, மை ஒட்டாமல், பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு.