சோறு தீர்ந்துபோச்சு

என் பெண்டாட்டி ஃபுமியே செத்த பிறகுதான் நான் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போக ஆரம்பித்தேன். அதுவரை முப்பத்திரண்டு வருடம் அவள் கட்டிக் கொடுத்த டப்பாவை மேசையிலேயே திறந்து, நில வரைபடங்களைப் பார்த்தபடியே விழுங்கியவன். எங்கள் நில அளவை அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இத்தனை சாப்பாட்டுக் கடைகள் இருப்பது அறுபத்தோரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து மேசை கோகாதான் பட்டியல் போட்டுக் கொடுத்தான்.

"யசுகோச்சி-சான், தினம் ஒரு கடை. ஒரே கடைக்கு ரெண்டு தடவை போகக்கூடாது. அப்பத்தான் எது நல்லாருக்குன்னு தெரியும்."

"நான் என்ன பத்திரிகைக்கா எழுதப் போறேன்?"

"வீட்ல உக்காந்து பிளாஸ்டிக் டப்பாவோட பேசறதுக்கு இது தேவலை."

அவன் வாய் அப்படி. ஆனால் இழவு வீட்டில் இரண்டு நாள் என்கூடவே இருந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் கடை மோனோரயில் தூண்களுக்கு அடியில், மீன் சுட்டுக் கொடுக்கும் கடை. எனக்கு முன்னால் நுழைந்த இருவரிடம் பரிமாறும் பெண்மணி "எத்தனை பேர்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. நானே போய் உட்கார்ந்து, கையைத் தூக்கி மூன்று தடவை கூப்பிட்ட பிறகு ஆர்டர் எடுத்தாள். தட்டு வந்தது. கானாங்கெளுத்தி, மிசோ சூப், முள்ளங்கி ஊறுகாய். இடது பக்கம் சோற்றுக் கிண்ணம் இருக்க வேண்டிய இடம் காலி.

"ஐயோ, மன்னிச்சிருங்க!" என்று ஓடினாள். திரும்பி வந்து குனிந்தாள். "ரொம்ப மன்னிக்கணும். சோறு இப்பத்தான் தீர்ந்துபோச்சு."

மணி பன்னிரண்டேகால். மீனை வெறுமனே தின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த கடையில் கறிக்குழம்பு மட்டும் தட்டில் வந்தது, சோறில்லாமல். மூன்றாவது உடோன் கடை. அங்கே நூடுல்ஸ் கிடைத்தது, கூடக் கேட்ட சோற்று உருண்டை கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் கடைசி உருண்டையை வாயில் போட்டபடி என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். நாலாவது கடைக்குக் கோகாவையே இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்குச் சோறு வந்தது, இரண்டாம் தடவையும் நிரப்பினார்கள். எனக்குத் தண்ணீர்கூட வரவில்லை.

"முன் ஜென்மத்துல நெல்லு மூட்டை திருடினீங்களா?" என்று சிரித்தான். தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். நான் குச்சியை எடுப்பதற்குள் பரிமாறுகிறவள் வந்து, சாப்பிட்டு முடித்த தட்டு என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோகா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

வீட்டில் நான் சமைப்பதில்லை. அரிசி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அஸ்திப் பெட்டிக்கு முன்னால் வைக்க மட்டும் ஒரு பாக்கெட் சோற்றைச் சுட வைப்பேன், ராத்திரிக்குக் கடையில் வாங்கிய வறுத்த கோழியைத் தின்பேன். அலமாரியில் என் சோற்றுக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய ஜோடிக் கிண்ணத்தில் பெரியது. நீலப் பிளம் பூப் போட்டது. ஜோடியில் சின்னது இப்போது இல்லை. அதை நான்தான் உடைத்தேன்.

சவத்தை எடுப்பதற்கு முன், ஈமச்சடங்கு நிறுவனத்து ஆள் மெதுவாகக் கேட்டார். "அம்மா தினமும் சாப்பிட்ட கிண்ணத்தை எடுத்துக் குடுங்க." பெரியது புருஷனுக்கு, சின்னது பெண்டாட்டிக்கு. ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சின்னதை எடுத்துக் கொடுத்தேன். அதில் சோற்றைக் குவித்து, நடுவில் குச்சிகளைக் குத்தி அவள் தலைமாட்டில் வைத்தார்கள். வண்டி கிளம்பும்போது வாசல் கல்லில் நான் அதைப் போட்டு உடைத்தேன். உனக்கு இங்கே இனிமேல் சோறில்லை, திரும்பி வராதே என்று அர்த்தம். எல்லாரும் செய்வது. நானும் செய்தேன்.

இரண்டாவது வாரம் அலுவலகத்திலும் அது தொற்றிக்கொண்டது. தேநீர் கொண்டுவருகிற பெண்மணி என் மேசையைத் தாண்டிப் போனாள். ஒரு மத்தியானம் நான் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார்கள். தட்டித் திறக்கச் சொன்னதும், "நீங்க இருக்கீங்களா!" என்று கோகாவே பதறினான். பட்டியலில் பதினொன்றாவது கடையில் தானியங்கிக் கதவு எனக்குத் திறக்கவே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அறுபத்தோரு வயதுக்காரன், கோட்டு டை எல்லாம் போட்டுக்கொண்டு! வேறொருவர் வந்தார், திறந்தது, அவர் முதுகோடு ஒட்டி நுழைந்தேன். அங்கும் சோறு தீர்ந்திருந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது பரிமாறுகிற பெண்மணி வாசலில் நின்று, நான் நடந்த இடத்தில் உப்பு இறைத்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டிலிருந்து வந்தால் இறைப்போமே, அந்த உப்பு. ஏன் இறைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை போல, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். இடுப்பு வாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தேன். இப்படியே போனால் ஒரு நாள் கோகாவுக்கும் நான் தெரியாமல் போவேன் என்று புரிந்தது.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தேன். பெரிய கிண்ணம் ஈரமாக இருந்தது. உள்ளே ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை, இன்னும் காயாமல். வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. பயந்திருக்க வேண்டும்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் இங்கேதான் இருக்கிறாள், பசியில்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அலமாரியை மெதுவாக மூடினேன். ஆனால் என் கிண்ணத்தில் ஏன் சாப்பிடுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

குளிர் வந்துவிட்டதால் என் கோட்டை எடுக்கப் போனபோது, பக்கத்தில் தொங்கிய அவளுடைய கம்பளிக் கோட்டை மடித்து வைக்க எடுத்தேன். பையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் விலாசச் சீட்டு இருந்தது. பின்பக்கம் அவள் கையெழுத்தில் 'வியாழன்' என்று மட்டும். கோகாவின் பட்டியலில் இல்லாத கடை. அன்று வியாழன். அவள் போய் நாற்பத்தைந்தாம் நாள்.

கதானோ ஸ்டேஷனுக்குப் பின்னால், சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஏழே நாற்காலி போட்ட கடை. கையால் தள்ளுகிற கதவு. தள்ளினேன், திறந்தது. அடுப்புக்குப் பின்னால் நின்றிருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வாடிக்கையாளர்கள் மிசாவோ-சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என்னை நேராகப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"ஒருவழியா வந்துட்டீங்களா? ஃபுமியே-சான் வீட்டுக்காரர்தானே? போட்டோ காட்டியிருக்காங்க. அந்தக் கடைசி நாற்காலில உக்காருங்க. அவங்க இப்பத்தான் எழுந்து போனாங்க."

உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது.

"யாரு போனாங்க?"

"நல்லாருக்கே! கட்டின பொண்டாட்டி பேரும் மறந்துபோச்சா? வியாழன் தவறாம வருவாங்களே. உங்களுக்கு டப்பா கட்டிக் குடுத்துட்டு, இங்க வந்து முட்டையும் மீனுமா உக்காந்து வம்பளப்பாங்க. இப்ப ஒண்ணரை மாசமா என்னாச்சுன்னே தெரியல, வெறும் சோறு. மூணு கிண்ணம். வாயே திறக்கறதில்ல. வீட்ல சண்டையா?"

உண்மையைச் சொன்னால் இந்தக் கடையிலும் உப்புதான் விழும். மிசாவோ-சான் பானையைத் திறந்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் சோற்றைக் குவித்து என் இடது பக்கம் வைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"உங்களுக்குச் சின்னக் கிண்ணம்தானே?"

"இல்லயே. வீட்ல என்னோடது பெரிசு."

கடையே சிரித்தது. பக்கத்தில் இருந்த டாக்சி ஓட்டுநர் மேசையைத் தட்டினார். "இன்னும் பாக்கலியா இவரு!"

"மூணு வருஷமா நீங்க சின்னதுலதான் சாப்பிடறீங்க, ஐயா," என்றாள் மிசாவோ-சான். "சர்க்கரைன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே மாத்திட்டாங்க. சின்னதுல குவிச்சு வெச்சா நிறைய மாதிரி தெரியுமாம். பெரிசுல அவங்க சாப்பிட்டுக்கிட்டாங்க. 'ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுக் கத்துவார் பாரு'ன்னாங்க. ஒவ்வொரு வியாழனும் நாங்க கேப்போம், பாத்தாரான்னு. இன்னும் இல்லம்பாங்க. எல்லாரும் சிரிப்போம். ஒரு வருஷம் போச்சு. அப்புறம் கேட்டா அவங்க சிரிக்கல. அதோட நாங்களும் கேக்கறத விட்டுட்டோம்."

தலைமாட்டில் வைத்த கிண்ணம், குச்சி குத்திய சோறு, வாசல் கல்லில் தெறித்த நீலத் துண்டுகள். உனக்கு இங்கே இனிமேல் சோறில்லை என்று நான் சொல்லி அனுப்பியது என்னையேதான். மூன்று வருடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, கையில் பிடித்துத் தின்ற கிண்ணத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தேன், பேப்பரைப் பார்த்தேன். எதிரில் பெரிய கிண்ணத்தோடு உட்கார்ந்து, இன்றைக்காவது பார்ப்பான் என்று காத்திருந்தவளையும் பார்க்கவில்லை.

"இன்னிக்குத்தான் பேசினாங்க," என்று மிசாவோ-சான் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. 'அவரோடது உடைஞ்சுபோச்சு, திங்கட்கிழமைக்குள்ள குடுத்திருங்க'ன்னாங்க. திங்கட்கிழமை என்ன விசேஷம்?"

திங்கட்கிழமை நாற்பத்தொன்பதாம் நாள். போனவர்கள் முழுசாகப் போக வேண்டிய நாள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றியிருந்தது அன்றைக்குக் காலைப் பேப்பர். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம், வெள்ளை, புதுசு.

முன்னால் இருந்த சோற்றை அதில் மாற்றிக்கொண்டு தின்றேன். மென்றால் இனித்தது. பாதியில் அழுதுவிட்டேன். மிசாவோ-சான் சண்டைதான் என்று முடிவு கட்டி, "போய் மன்னிப்பு கேளுங்க, போங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரிசியைத் தேடிக் கண்டுபிடித்தேன், அடுப்படி மேடைக்குக் கீழே பெரிய டப்பாவில். இரண்டு தடவை தண்ணீர் தப்பாகி மூன்றாவது தடவை சோறாக வந்தது. வெள்ளைக் கிண்ணத்தை என் பக்கமும் பெரியதை எதிர்ப் பக்கமும் வைத்தேன். டிவியைப் போடவில்லை.

அவள் போக வேண்டுமானால் விடிந்ததும் அவளுடைய இந்தப் பெரிய கிண்ணத்தை உடைக்க வேண்டும். உடைக்காமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, கெஞ்சவே செய்தேன். எனக்கு எந்தக் கடையிலும் சோறு வேண்டாம், எந்தக் கதவும் திறக்க வேண்டாம், நீ தினமும் இந்தக் கிண்ணத்தை நனைத்துவிட்டுப் போ, போதும் என்று சத்தமாகவே சொன்னேன். அடுப்பில் சூப் பொங்கியது. அணைக்க எழுந்து ஐந்து நொடி திரும்பியிருப்பேன். மறுபடி பார்த்தபோது பெரிய கிண்ணம் காலி. அடியில், சாப்பிட்டு முடித்தவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு பிளம் பூ இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக அங்கே இருந்திருக்கிறது.

"பாத்துட்டேன்," என்றேன். "ஃபுமியே, பாத்துட்டேன்."

என் வெள்ளைக் கிண்ணத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து யாரோ என் நெஞ்சுப் பக்கம் ஒரு விரல்கடை தள்ளினார்கள். சாப்பிடு என்று அவள் சொல்வது அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை வாசல் கல்லில் பெரிய கிண்ணத்தைப் போட்டேன். உடையவில்லை, உருண்டு என் காலடிக்கே வந்தது. இரண்டாம் தடவை ஓங்கிப் போட்டேன்.

அன்று மதியம் கோகாவின் சட்டத்தை மீறி, முதல் நாள் போன மீன் கடைக்கே போனேன். பரிமாறுகிற பெண்மணி தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக வந்தாள்.

"வாங்க, வாங்க. எத்தனை பேர்?"

நான் ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

"ஒருத்தன்தான்."

சோறு உடனே வந்தது.