இரண்டு செட்டை

இன்பமலர் புருஷனுடன் கடலுக்குப் போகத் தொடங்கியது ஆசைப்பட்டு அல்ல, ஆளில்லாத குறைக்குத்தான். புருஷன் பெயர் பற்றிக். சங்கு குளிக்கிறவன். அவன் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கீழே போனால், மேலே போட்டில் ஒருவர் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை காலம் அந்த வேலையைச் செய்த தர்சன் கட்டாருக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக வந்தவர்கள் எல்லாரும் போட்டிலேயே கால் நீட்டி நித்திரை கொள்ளுகிற ரகம். நித்திரைக்காரன் கையில் புருஷனை ஒப்படைக்க அவளுக்கு மனம் வரவில்லை, தானே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். லிங்கநகர்ச் சனம் கொஞ்ச நாள் அதையே வாயில் போட்டு மென்றது. பிறகு மெல்ல வேறொன்று கிடைத்துவிட்டது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையல்ல. கீழே இருப்பவனுடைய மூச்சுக் குமிழிகள் எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டும். தண்ணீருக்கு மேலே மீன் செட்டை ஏதும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பியும் தாழ்ந்தும் போனால் அது ஓங்கல் என்கிற டொல்பின், பேசாமல் வேடிக்கை பார்க்கலாம். கோடு கீறினாற்போல் நேரே போனால் சுறா. அதிலும் முதுகில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் புள்ளிச் சுறா, பஸ் அளவு இருந்தாலும் பரமசாது. சின்னச் செட்டைகள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கரையோரத்துச் சின்னச் சுறாக்கள், மனிதரைக் கண்டால் அவைதான் ஓடும். பெரிய செட்டை ஒன்று தனியாக வந்தால் மட்டும் தட்ட வேண்டும். தட்டுவதென்றால், போட்டின் பக்கத்தில் தண்ணீருக்குள் தொங்கும் இரும்புக் குழாயை ஸ்பனரால் அடிப்பது. சத்தம் அடிவரை கேட்கும். கேட்டதும் மேலே வந்துவிட வேண்டும் என்பது குளிகாரருக்குள் உள்ள ஒழுங்கு.

போன மாதம் அவள் ஒருதரம் தட்டினாள். வந்தது சுறா அல்ல, மிதந்து வந்த தென்னங்குற்றி. பற்றிக் அடித்துப்பிடித்து மேலே வந்ததில் தோள்மூட்டு பிடித்துக்கொண்டது. ஆழத்திலிருந்து அவசரமாக வந்தால் அப்படித்தான் ஆகும், சிலருக்குக் கால் விளங்காமலே போயிருக்கிறது. அவன் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் இறங்குதுறையில் நின்றவர்கள் அவளைக் காணும்போதெல்லாம் குற்றி சுகமாக இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அவளுக்கு மானம் போனது. அதைவிட, அவன் இரவில் தோளைத் தடவிக்கொண்டு புரண்டு படுத்ததுதான் நெஞ்சைக் குத்தியது.

அன்று காலை கொட்டியாரக் குடாவில் சம்பூர்ப் பக்கமாக நங்கூரம் போட்டிருந்தார்கள். மேட்டில் பெய்த மழையால் ஆற்றுத் தண்ணீர் இறங்கி, கடல் பழந்தேத்தண்ணீர் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. காற்று அசையவில்லை. குடாவில் வேறு ஒரு போட்டும் இல்லை. மற்றவர்களுக்குப் புத்தி இருக்கிறது, இந்தக் கலங்கலில் யார் குளிப்பான் என்று அவள் நினைத்தாள். குமிழிகள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் செட்டைகளைக் கண்டாள். இரண்டு. ஒன்றின் பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல், நேரே வந்தன. தண்ணீருக்கு மேலே தெரிந்தது ஒரு சாண்கூட இராது. அவள் கணக்குப் போட்டாள். இரண்டாக வருகிறது, சின்னதுகள்தான். கை ஸ்பனருக்குப் போனது, குற்றி நினைவு வந்தது, கை திரும்பிவிட்டது.

அவை குமிழிகளைச் சுற்றி வளைந்து போயின. அவசரமே இல்லை. முன்னது திரும்பினால் பின்னதும் திரும்பியது. முன்னது மெதுவானால் பின்னதும் மெதுவானது. என்ன ஒற்றுமை என்று அவளுக்குக்கூட ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது சுற்றில் கிட்ட வந்தபோது ஒன்றைக் கவனித்தாள். முன்னது ஆடாமல் நின்றபடி வந்தது, பின்னது மட்டும் இடமும் வலமுமாக மெல்ல ஆடியது. இடையில் அரை போட் நீளம் தண்ணீர். அந்தத் தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதுகுச் செட்டை. வால் நுனி.

இரண்டு அல்ல, ஒன்று. இந்தப் போட்டளவு ஒன்று. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு புள்ளியைத் தேடினாள். ஒரு புள்ளியாவது தெரியக்கூடாதா மாதாவே என்று கெஞ்சினாள். பழுப்புத் தண்ணீருக்குக் கீழே ஒரே சாம்பல் நிறமாக நீண்டு கிடந்தது முதுகு.

தட்டினால் அவன் நடுத்தண்ணீருக்கு வருவான், அதுவும் அங்கேதான் இருக்கிறது. தட்டாவிட்டால் ஒன்றும் தெரியாமல் எப்படியும் வருவான், சிலிண்டரில் காற்று எவ்வளவு நேரத்துக்கு இருக்கும்? அழுவதற்கு நேரமில்லை. ஸ்பனரை எடுத்துக் குழாயை ஓங்கி அடித்தாள்.

முதல் அடியிலேயே இரண்டு செட்டையும் ஒன்றாகத் தாழ்ந்தன. தண்ணீர் மூடிக்கொண்டது. சுழி கூட இல்லை.

குமிழிகள் நகரத் தொடங்கின. ஆனால் அவளிடம் வரவில்லை. போட்டை விட்டு விலகி, வெறுந்தண்ணீரில் ஓரிடத்துக்குப் போய், அங்கேயே நின்றன. எதற்காக அங்கே போகிறான்? அங்கே என்ன இருக்கிறது? கை வலிக்க வலிக்க, நிறுத்தாமல் அடித்தாள். குமிழிகள் கொஞ்ச நேரம் தயங்கின. பிறகு மெல்லத் திரும்பி அவள் பக்கம் வந்தன.

பற்றிக்கின் தலை தெரிந்ததும் அவனைச் சிலிண்டரோடு பிடித்து இழுத்தாள். அந்தப் பலம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. அவன் பாதி உடம்பு போட்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாகக் கிடந்து மூச்சு வாங்கினான். வாய்க்குழாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"நல்ல வேளை நீ விடாமல் தட்டினனீ. கீழ இருந்து பார்க்கேக்க ரண்டு போட்டின்ர நிழல் தெரிஞ்சது. கலங்கல் தண்ணியில எது எங்கட எண்டு பிடிபடேல்ல. நான் மற்றதுக்கெல்லோ போயிட்டன்."

இன்பமலர் அவன் முதுகுச் சிலிண்டரின் பட்டியைக் கழற்றினாள்.

"அடியில கை வச்சுப் பார்த்தனான். சொரசொரவெண்டு ஒரே சிப்பி. சுரண்டி எத்தினை வருசமோ. கையைப் பார், உரிச்சுப் போட்டுது. யாற்ற போட் அது?"

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அரத்தால் தேய்த்தது போலத் தோல் வழன்று இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சம்பூர்க் கரைவரை குடா வெறுமையாகக் கிடந்தது. அதற்குள் அவன் கையைக் கழுவுவதற்காகத் தண்ணீர்ப் பக்கம் குனிந்தான்.

அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கையை உள்ளுக்கு எடுங்கோ. அது போட் இல்லை."

பற்றிக் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். வெளியே தண்ணீரில் கிடந்த காலை, சத்தம் வராமல், மெல்ல மெல்ல உள்ளே இழுத்தான்.