இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை

பங்குச் சந்தை மூடிய அரை மணி நேரத்தில், சரியாக நான்கு மணிக்கு, அந்தக் கட்டடத்தில் மூன்று கதவுகள் திறந்தன. இரண்டாம் மாடியில் பைலட் தன் வாசலில் நாற்காலியைப் போட்டு, முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். தரைத்தளத்தில் சலூன்காரரின் வழுக்கை பளபளத்தது. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற மனிதருக்குத் தன் தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில், மருந்துக்கடை அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. படிக்கட்டுக்கு நடுவே கிணறு மாதிரி இடைவெளி விட்டுக் கட்டியிருந்தான், யாரோ புண்ணியவான். பக்கத்தில் வந்தால் தொற்றிக்கொள்ளும் என்று உலகமே கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அந்த இடைவெளிதான் அவர்களுக்குக் கூட்ட அரங்கு.

"இருநூத்திப் பத்து," என்று அக்கா மேலிருந்து அறிவித்தார். "நேத்து இருநூத்தி முப்பது."

மூவரும் சேர்ந்து அந்தப் பங்கை வாங்கியது அறுநூற்று நாற்பதுக்கு. அதைச் சொல்லிக் காட்டவும் யாருக்கும் மனம் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை.

வாங்க வைத்தவர் பைலட். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. முப்பத்து நான்கு வருடமாகக் கடைசல் பட்டறையில் இரும்பைச் சுற்றவிட்டுச் சீவிக்கொண்டிருப்பவர். அவர்கள் பங்கு வாங்கிய கம்பெனி, விமானம் தரையிறங்கும்போது நீட்டுகிற கால்களைச் செய்கிறது. ஒரு பொருட்காட்சியில் அந்தக் காலில் மாட்டும் ஆணி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார், அவ்வளவுதான், ஆள் கவிழ்ந்துவிட்டார். அன்று முதல் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு, பைலட் என்ற பட்டப்பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கு அந்தக் கம்பெனியின் லாப விவரங்களைப் படித்துக் காட்டினார். சலூன்காரருக்கு ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது. "ஒரு தலைமுடியில பத்துல ஒரு பங்கு பிசகினாலும் தூக்கிப் போட்டுடுவான் தம்பி." சலூன்காரர் ஒரு முடியை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பத்துல ஒண்ணா?" என்று கேட்டார். மறுநாளே பணத்தோடு வந்து நின்றார்.

பங்குகள் எல்லாம் அக்காவின் பெயரில் இருந்தன. படிவம் நிரப்பத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பைலட்டைவிட ஏழு வயது இளையவர் என்றாலும், மருந்துக்கடைக்கு வருகிற கூட்டத்தோடு கூட்டமாகப் பைலட்டும் அவரை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். வாங்கினால் மூன்று பேரும், விற்றால் மூன்று பேரும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த மாதம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

இதில் சிக்கல் சலூன்காரர்தான். கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரோடு வாதாடினால் அவர் தொழில் நடக்குமா? எல்லாவற்றுக்கும் "அதுவும் சரிதான்" என்று சொல்லியே இருபது வருடம் ஓட்டியவர். அவர் மனதில் இருப்பது வெளியே வரட்டும் என்றுதான் பைலட் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் நேராக, பிசிறில்லாமல் ஒரு பிளவு அறுத்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு சிவப்பு கிளிப், ஒரு வெள்ளை கிளிப், துணி காயப்போடுகிற கிளிப்தான். சிவப்பு என்றால் விற்கலாம், வெள்ளை என்றால் வைத்திருக்கலாம். டப்பாவை வாளியில் வைத்து அக்கா கயிற்றில் இறக்குவார். கீழே ஒன்று விழும், நடுவில் ஒன்று விழும், மேலே ஏற்றி அக்கா தன்னுடையதைப் போட்டுத் திறப்பார். நான்கு முறை வாக்கெடுப்பு நடந்து, நான்கு முறையும் பைலட்டின் வெள்ளையால் விற்பனை நின்றது. ரகசிய வாக்குதான், ஆனால் கட்டடத்துக்கே தெரிந்த ரகசியம்.

ஐந்தாவது முறை அன்று. காலையிலேயே அக்கா போன் செய்திருந்தார்.

"சலூன் கட்டடத்து ஓனர் மாத்திரை வாங்க வந்தாருண்ணா. மூணு மாசக் கடை வாடகை நிக்குதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா போன் ரிப்பேர் கடைக்குக் குடுத்துடுவாராம். சொல்லிட்டுச் சிரிக்கிறார்."

"தம்பி ஒரு வார்த்தை சொல்லலையே."

"அவர் எங்க சொல்லப்போறார்? அவர் பங்கை மட்டும் வித்துத் தரேன்னாகூட வேண்டாம்னுடுவார். மூணு பேரும் பயந்துபோய் விக்கற மாதிரி வித்துடலாம். நீங்கதான்ணா இந்தத் தடவை வெள்ளையைப் போட்டுத் தொலைக்கக் கூடாது."

பைலட் சரி என்றார். சொன்ன பிறகு வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டறை மூடிக் கிடக்க, பாதிச் சம்பளம் வந்துகொண்டிருந்த நாட்கள். கைமாற்றாகக் கொடுக்க அவரிடமும் ஒன்றும் இல்லை. பறக்கிற சாமான் என்றைக்காவது பறக்கத்தானே வேண்டும், இறங்கக் கால் வேண்டாமா என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை மூன்றில் இரண்டு பங்கு நஷ்டத்துக்கு விற்பது, பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

"இன்னும் விழும்னு நினைக்கிறேன்," என்று அக்கா நான்கு மணிக் கூட்டத்தில் ஆரம்பித்தார். "வானத்துல காக்காதான் பறக்குது. தலையில துண்டைப் போட்டுக்கறதுக்கு முன்னாடி வந்ததை எடுத்துக்கலாம்."

"நானும் அதான் யோசிக்கறேன்," என்றார் பைலட்.

கீழே வழுக்கை நிமிர்ந்தது. "நீங்களா அண்ணா?"

"ஏன், நான் யோசிக்கக் கூடாதா?"

"இல்ல, போன வாரம் விலை இறங்கினா இன்னும் வாங்கலாம்னீங்களே."

"போன வாரம் வேற, இந்த வாரம் வேற."

"அதுவும் சரிதான்," என்றார் சலூன்காரர்.

வாளி இறங்கியது. கீழே டக்கென்று ஒரு சத்தம். பிறகு பைலட்டின் கைக்கு வந்தது. கொடியிலிருந்து எடுத்து வந்திருந்த சிவப்பு கிளிப்பைப் பிளவுக்கு மேல் ஒரு நிமிடம் பிடித்திருந்தார். போட்டுவிட்டார். போட்டதும் மனம் லேசாகிவிட்டது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வாளி மேலே போயிற்று, அக்கா தன் கிளிப்பைப் போட்டு டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை," என்றார் அக்கா. குரலில் கோபம் கொதித்தது. "அவ்ளோ பேசினோமேண்ணா. தலைய தலைய ஆட்டினீங்க. எல்லாம் இதுக்குத்தானா?"

நான் சிவப்புதான் போட்டேன் என்று சொல்லப் பைலட் வாயைத் திறந்தார். அதற்குள் கணக்கு ஓடிவிட்டது. நான் சிவப்பு, அக்கா சிவப்பு. பைலட் கீழே பார்த்தார். எந்த அறிவிப்புக்கும் அண்ணாந்து பார்க்கிற மனிதர் இன்று தலையைத் தூக்கவே இல்லை. செருப்பு நுனியால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் வருகிற உதவியை மோப்பம் பிடித்துவிட்டார். தன் ஒருவனுக்காக இரண்டு பேர் நஷ்டத்தில் விற்பதா என்று, கடை போனாலும் போகட்டும் என்று, வெள்ளையைப் போட்டிருக்கிறார். இருபது வருடத்தில் முதல் முறையாக ஒரு விஷயத்தில் 'அதுவும் சரிதான்' என்று சொல்லாமல் இருந்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் மனிதர் அக்கா முன்னால் கூசிப்போவார், "எனக்காக வேண்டாம்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடித்துவிடுவார். சொல்லாவிட்டால் சட்டப்படி இந்த மாதம் விற்பனை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"ஒத்துக்கறேன், வெள்ளை என்னுதுதான்," என்றார் உரக்க. "பழக்க தோஷம். கை தானா போயிடுச்சு. போட்டப்புறம் மனசு கேக்கலை, மாத்திக்கறேன். என்னுதையும் சிவப்புன்னு வெச்சுக்கோங்க. அப்ப மூணும் சிவப்புதானே? தம்பி, நீ சிவப்புதானே போட்டே?"

வழுக்கை மெதுவாகப் பின்னால் சாய்ந்து, அதன் இடத்தில் ஒரு முகம் வந்தது. சலூன்காரர் அண்ணாந்து பைலட்டைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் வெள்ளை தன்னுடையது என்று சொல்ல வேண்டும். இரண்டு மாடி உயரத்துக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்த வீட்டிலோ குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"ஆமாண்ணா," என்றார் சலூன்காரர்.

"நாளைக்குச் சந்தை திறந்ததும் வித்துடறேன்," என்று அக்கா வாளியை இழுத்துக்கொண்டார். "இந்த மனுஷன் மறுபடி மனசு மாறறதுக்குள்ள."

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள். "சிவப்பைத்தானே எடுத்துட்டுப் போனீங்க?"

"சத்தம் போடாதே."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு தடவை பிடிவாதக்காரர்னு திட்டு வாங்கினீங்க, அது நியாயம். இது எதுக்காம்?" அவர் காதோடு விஷயத்தைச் சொன்னார். அவள் உள்ளே போய், அன்றைய காபியில் சர்க்கரையைக் கூடுதலாகவே போட்டாள்.

வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வாடகை போய்ச் சேர்ந்தது. போன் ரிப்பேர்காரர் வேறு கடை தேடிக்கொண்டார். அடுத்த வாரம் பங்கு இருநூற்று அறுபதைத் தொட்டது. பைலட்டுக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். பத்து நிமிடம் நன்றாக எரிந்தது, பிறகு பசித்தது, சாப்பிட்டுவிட்டுச் சுகமாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூன்காரர் பையோடு மாடியேறி வந்தார். கடை திறக்க இன்னும் அனுமதி வரவில்லை. "காடு மாதிரி வளர்ந்திருக்கு, உக்காருங்க," என்று பைலட்டின் வாசல் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். கத்திரி ஓடத் தொடங்கியது. நரைத்த முடி தரையில் விழுந்துகொண்டே இருந்தது. மேலே அக்கா கடைக்குக் கிளம்புகிற சத்தம், கதவு பூட்டுகிற சத்தம். அவர் இறங்கி வந்து சுவரோரமாக ஒதுங்கிக் கடக்கும்போது, "இவருக்கு மட்டும் காசு வாங்குங்க தம்பி. விடாப்பிடி மனுஷன்," என்று சொல்லிவிட்டுப் போனார். பைலட் துணிக்குள் சிரித்துக்கொண்டார்.

செருப்புச் சத்தம் தெருவில் கரைந்த பிறகு கத்திரி நின்றது.

"அண்ணா, அன்னிக்கு டப்பாவுல..."

"காது பத்திரம் தம்பி. கத்திரியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசாதே."

கத்திரி சற்று நேரம் காற்றில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது, முன்னைவிட மெதுவாக.

முடிந்ததும் மனைவி முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து பைலட்டின் கையில் கொடுத்தாள். சலூன்காரர் பின்னால் போய், கடையில் செய்கிற மாதிரியே, பையிலிருந்து எடுத்த பெரிய கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துப் பிடரியைக் காட்டினார். பைலட் தன் கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். அதில் பிடரி அகப்படவில்லை. முகக்கவசத்துக்கு மேலே சலூன்காரரின் கண்கள்தான் அகப்பட்டன. நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. துடைக்க அவருக்குக் கை இல்லை.

"சரியா இருக்கு," என்றார் பைலட்.