மூன்று புள்ளி இரண்டு

இருபத்தாறு வருட அனுபவத்துக்கு விலை மதிப்பே கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். தகட்டுப் பட்டறை முதலாளிக்கு மேடைப் பழக்கம் இல்லை. அவர் விலையைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்: நூற்றுக்கு நாற்பது. கணக்குப் பாடத்தில், வரப்போகும் தேர்வில்.

"பேரம் உண்டா முதலாளி?" என்று கேட்டாள் மார்க்கிங் அக்கா.

"விலைய நான் வெக்கலக்கா. மெஷின் வித்த கம்பெனிக்காரன் வெச்சான். சர்டிபிகேட் இருக்கிற ஆளைத்தான் அந்த சீட்ல உக்கார வெப்பேன்னு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். நாப்பது வாங்கிட்டு வாங்க, சீட்டு உங்களுக்கு. இல்லன்னா வெளியாள்தான் எடுக்கணும்."

"வெளியாள் வந்தா நான்?"

முதலாளி மேசைமேல் கோணலாகக் கிடந்த ஸ்டேப்ளரை நேராக வைத்தார். பிறகு அதையே இன்னொரு தரம் நேராக வைத்தார்.

பெரிய கட்டடங்களில் குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் செய்கிற பட்டறை அது. ஒரு பக்கம் சதுரம், மறுபக்கம் வட்டம், நடுவில் ஒரு வளைவு என்று வரைபடம் வரும். அதைத் தட்டையான தகட்டில் எப்படி விரித்துக் கோடு போடுவது என்பதுதான் அவள் வேலை. கையில் எஃகு ஊசி, காதோரம் பென்சில், கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. அவள் கோடு கீறினால் வெட்டுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். இப்போது ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற புது மெஷின், கோட்டையும் தானே போட்டுக்கொள்ளும், வெட்டையும் தானே வெட்டிக்கொள்ளும். அதற்கு எண்களைச் சொல்லிக் கொடுக்க ஒரே ஓர் ஆள் போதும். அந்த ஆள் அவளாக இல்லாவிட்டால், அவளுக்கு அங்கே வேலை இல்லை.

ஐம்பத்தோரு வயதில் மாலை நேரப் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். வரைபடப் பாடத்தில் தொண்ணூற்றொன்று வாங்கி வகுப்பையே வாயடைக்க வைத்தாள். உலோகவியல் எழுபத்து நான்கு. கணக்கு மட்டும் முதல் தடவை இருபத்தேழு, இரண்டாம் தடவை முப்பத்திரண்டு. "இந்த ஸ்பீடுல போனா நாலாவது தடவை பாஸாயிடுவ," என்று கணவர் தேற்றினார். இரண்டு நாற்காலி போட்ட சலூன் வைத்திருக்கிறவர். வாடிக்கையாளரைத் தேற்றித் தேற்றிப் பழகிய வாய். ஆனால் நாலாவது தடவைக்கு முன்னால் மெஷினை மாட்ட ஆள் வந்துவிடுவான்.

வகுப்பு ஆறு மணிக்கு. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டு முதல் வரிசையில் இடம் பிடித்து வைப்பார்கள். அன்பினால் அல்ல; அவள் முதுகு அகலம், அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் போன் பார்க்கலாம். கணக்கு சார் முப்பதைத் தாண்டாதவர், நல்லவர், அவசரக்காரர். அவர் கரும்பலகையில் எக்ஸுக்கு இரண்டு விடை உண்டு, ஒன்று பன்னிரண்டு, இன்னொன்று கழித்தல் நான்கு என்று எழுதியபோது அவள் கையைத் தூக்கினாள்.

"சார், மைனஸ் நாலு மில்லிமீட்டர் தகடு எந்தக் கடையில கெடைக்கும்?"

"கெடைக்காதும்மா. அதனாலதான் அந்த விடைய நாம எடுத்துக்கறதில்ல."

"எடுத்துக்காததுக்கு எதுக்கு சார் அரை மணி நேரம் செலவழிச்சோம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சாரும் சிரித்துக்கொண்டே பலகையை அழித்தார். இருந்தாலும் அவள் வீட்டுக்குப் போய் அந்தக் கணக்கை ஏழு தடவை போட்டாள். வழி புரிந்தது. சூத்திரம் மனப்பாடம். அப்படியிருந்தும் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பெருக்கல் குறி. "கால்குலேஷன்ல தப்பு" என்று ஓரத்தில் எழுதியிருக்கும். எந்த இடத்தில் தப்பு என்று தேடத் தேட அவளுக்குக் கண்ணைக் கட்டியது. மூளை துருப்பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

சலூனுக்கு வார விடுமுறை நாள் ஒன்றில் மாதிரி வினாத்தாளை முடித்துவிட்டு, சரியான விடைகள் அச்சடித்த தாளைக் கணவர் கையில் கொடுத்தாள்.

"நான் படிச்சதே எட்டாவது," என்றார் அவர்.

"கணக்கு போட வேணாங்க. நான் சொல்ற நம்பரும் அதுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு மட்டும் பாருங்க. முதல் கணக்கு, முந்நூத்தி எழுபத்திரண்டு."

"இதுல முந்நூத்தி அறுபத்தேழு."

"ரெண்டாவது, ஆயிரத்து நூத்தி இருபது."

"ஆயிரத்து நூறைக்கூடத் தொடல. ஆயிரத்துத் தொண்ணூத்தொன்பது."

"மூணாவது, ஐநூத்தி நாப்பத்தொண்ணு."

"ஐநூத்தி நாப்பது புள்ளி எட்டு. இது கிட்டத்தட்ட சரிதானே? பாவம், போட்டுக்க ஒரு டிக்."

"டிக் போடறது நீங்க இல்லங்க."

எட்டாவது கணக்கு வரைக்கும் அவர் ஒழுங்காக வாசித்தார். ஒன்பதாவதில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்காத. தப்பு பண்றவங்க ஒரு தடவை கூடப் பண்ணுவாங்க, ஒரு தடவை குறைச்சுப் பண்ணுவாங்க. உன்னோடது ஒண்ணு விடாம எல்லாமே அதிகமாவே இருக்கு."

"அதனால?"

"என் கடையில வர்றவன் எல்லாருக்கும் எடது பக்கக் கிருதா நீளமாவே வந்துச்சு ஒரு காலத்துல. என் கை போச்சுன்னு நெனச்சேன். பாத்தா கை இல்ல, நாற்காலி சாஞ்சிருக்கு. ஒரே பக்கமா தப்பு வந்தா அது தப்பு இல்லம்மா. எங்கியோ சாஞ்சிருக்கு."

அவள் தன் நோட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். முதல் கணக்கை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கால்குலேட்டர் கொடுத்தது பூஜ்யம் புள்ளி ஐந்து ஏழு மூன்று ஆறு. அவள் கை எழுதியிருந்தது பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு. அதை அறுநூற்று நாற்பதால் பெருக்கி வந்ததை மறுபடியும் மேலே தூக்கி முழு எண்ணாக்கியிருந்தாள். இரண்டாவது கணக்கில் வட்டத்துக்குரிய பை. உலகமெல்லாம் மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று எழுதுகிற இடத்தில் இவள் மூன்று புள்ளி இரண்டு என்று போட்டிருந்தாள். யோசித்து எழுதியதல்ல. இருபத்தாறு வருடமாகக் கை அப்படித்தான் எழுதுகிறது. பட்டறையில் தகடு கூடிப்போனால் கத்தரித்துவிடலாம். குறைந்துபோனால் அந்தத் தகடு குப்பைக்கு. அதனால் அங்கே எந்த எண்ணும் கீழே இறங்காது, மேலேதான் ஏறும்.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் சாரைப் பிடித்து நோட்டைக் காட்டினாள். அவர் அந்த மூன்று புள்ளி இரண்டைப் பார்த்ததும் நெற்றியைத் தேய்த்தார்.

"அம்மா, அது இயற்கையே குடுத்த நம்பர். அதுலயும் கொஞ்சம் சேத்துப் போட்டீங்களா?"

"வட்டமா மடிக்கிறப்ப ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணுமே சார்."

"கணக்குல மடிக்கறதில்லம்மா."

"கூடிப்போனா கத்தரிச்சுக்கலாமே?"

"கணக்குல கத்திரியும் இல்ல." சார் பழைய பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடப் பையனைப்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் கடைசி வரிய மட்டும் பாத்து இன்டு போட்டுட்டேன். உங்க வழி எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு வருஷமா எனக்கும் தெரியல பாருங்க."

"உங்க மேல தப்பில்ல சார். எனக்கே நேத்துதான் தெரியும்."

நோய் தெரிந்தால் மருந்து சுலபம் என்று நினைத்தாள். சுலபமாக இல்லை. புள்ளி ஐந்து ஏழு மூன்று ஆறு என்று நான்கு இலக்கத்தையும் அப்படியே எழுதும்போது ஏதோ வாடிக்கையாளருக்கு எடை குறைத்துக் கொடுத்துவிட்ட மாதிரி விரல் கூசியது. பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினாள். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், சலூன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். வாரம் ஒன்று போனதும் நோட்டில் டிக் விழ ஆரம்பித்தது. பத்துக்கு ஆறு. பத்துக்கு ஏழு.

அந்தச் சந்தோஷத்தில்தான் அது நடந்தது. ஒரு காலை வேளையில் வெட்டுகிறவன் அவள் கோடு போட்ட தகட்டை வெட்டி வளைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். குழாயின் இரண்டு ஓரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டிய இடத்தில் வெறுமே முட்டிக்கொண்டு நின்றன. கணக்குப்படி மிகச் சரியான அளவு. தகட்டுக்கு மட்டும் போதவில்லை.

"உடம்பு ஏதும் சரியில்லையாக்கா?" என்றான்.

"பாஸாகப் பாக்கறேன்டா. அதான் வியாதி."

முதலாளி வந்து பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவள் கெடுத்த முதல் தகடு. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. "பரவால்ல விடுங்க, இனிமே மெஷின்தானே பண்ணப் போவுது," என்றார். அது திட்டைவிடச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டாள். பேனா பிடித்தால் உள்ளது உள்ளபடி. ஊசி பிடித்தால் பழையபடி. பட்டறையில் பேனாவைத் தொடுவதில்லை, வகுப்பில் தகட்டை நினைப்பதில்லை. இரண்டு வீட்டுக்கு மருமகளான மாதிரிதான் இருந்தது. ஆனால் இரண்டு மாமியாரும் ஓரளவு திருப்தியாகவே இருந்தார்கள்.

தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. நிதானமாக எழுதினாள். இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. அவை என்ன கேட்கின்றன என்பதே பிடிபடவில்லை. மற்றவற்றை முடித்து, வந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் கூட்டிப் பார்த்தாள். முப்பத்தாறு. மறுபடியும் கூட்டினாள். அப்போதும் முப்பத்தாறுதான். மெஷின் நாற்காலிக்கு இன்னும் நான்கு வேண்டும். மிச்சமிருந்தது எட்டு மதிப்பெண் கேள்வி ஒன்று.

அதைப் படித்ததும் முதுகு நிமிர்ந்தது. நீளமான தகட்டுப் பட்டை ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது மில்லிமீட்டர் துண்டுகள் ஐந்து வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று மில்லிமீட்டர் சேதாரம். பட்டை எவ்வளவு நீளம் வேண்டும்?

கேட்டவர் மனசு அவளுக்குத் தெரிந்தது. ஐந்து துண்டுக்கு நான்கு வெட்டு. ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. எழுதிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அந்தக் கேள்வியை எழுதினவர் தன் வாழ்நாளில் ஒரு தகட்டைத் தொட்டதில்லை என்பதும் தெரிந்தது. கடையிலிருந்து வருகிற பட்டையின் முதல் ஓரம் என்றைக்கு நேராக இருந்திருக்கிறது? அதைச் சீவ ஒரு வெட்டு. மொத்தம் ஐந்து. ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து. பன்னிரண்டு என்று சொல்லிப் பட்டை வாங்கினால் கடைசித் துண்டு மூன்று மில்லிமீட்டர் குறையும், குறைந்தால் குப்பை.

வகுப்பில் தகட்டை நினைப்பதில்லை என்று அவளே வைத்த சட்டம். ஆனால் இங்கே தகட்டைக் கூப்பிட்டதே அவர்கள்தான். பேனாவை மூடிவிட்டுக் கேள்வியை இன்னொரு தரம் படித்தாள். பிறகு மூடியைத் திறந்து இரண்டையும் எழுதினாள். "ஓரம் நேராக இருந்தால், நான்கு வெட்டு: 1212. கடையில் வாங்கும் பட்டை என்றால், ஓரத்தைச் சீவ ஒரு வெட்டு சேர்த்து: 1215." அடிக்கோடு இரண்டுக்கும் போட்டாள்.

வெளியே நின்றிருந்த சார் கேட்டதும் தலையில் கைவைத்தார். "ரெண்டு விடை எழுதினா முட்டை போட்டாலும் போடுவாங்கம்மா. நாலு மார்க்குக்காக உசுர விட்டுட்டு, கையில வந்த எட்டு மார்க்கையும் தூக்கி எறிஞ்சிட்டீங்களே."

"ஒண்ண மட்டும் எழுதினா, அந்த சீட்ல உக்காந்து மெஷினுக்கும் அதத்தானே சார் சொல்லுவேன்?"

சார் தலையிலிருந்து கையை எடுத்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. நாற்பத்திரண்டு. கணவர் சலூனில் பாதி முகத்தில் சோப்போடு ஓர் ஆளை அப்படியே விட்டுவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போனார். முதலாளி தார்ப்பாயை உருவி எடுக்கச் சொன்னார். "சொன்ன விலைய எண்ணி வெச்சிட்டீங்கக்கா," என்றார்.

மறுநாள் அவள் பாலிடெக்னிக் அலுவலகத்தில் தன் விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மற்றதெல்லாம் அவள் கூட்டியபடியே முப்பத்தாறு. கடைசிக் கேள்வியில் எட்டுக்கு ஆறு. பக்கத்தில் "ஒரே விடை எழுதவும்" என்று சிவப்பு மை. அவள் மறுமதிப்பீட்டுப் படிவம் ஒன்று கேட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "பாஸாயிட்டீங்களேம்மா. ஃபெயிலானவங்கதான் இதக் கேப்பாங்க. திருப்பித் திருத்தினா குறைக்கவும் செய்வாங்க, தெரியுமா?"

"முப்பத்தாறு கெட்டியா இருக்கு சார், வரி வரியா பாத்துட்டேன். இதுல பாதி விடை அவங்க புஸ்தகத்துலயே இருக்கு. எப்படிக் கொறச்சாலும் நாலுக்குக் கீழ போக முடியாது. அப்பவும் நாப்பது."

"கூடினா மட்டும் என்ன கெடைக்கப் போவுது?"

"எதுவும் கெடைக்காது. ஆனா பட்டையில மூணு மில்லி குறையறது குறையறதுதானே சார்."

குமாஸ்தாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, படிவம் ஜன்னல் வழியாக வந்தது. நின்றபடியே கட்டங்களை நிரப்பினாள். கையில் இருந்தது பேனா. உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

தேவையானது: நாற்பது. பெற்றது: நாற்பத்திரண்டு. வரவேண்டிய பாக்கி: இரண்டு.