நாடாப்புழுப் பேராசிரியையின் கடைசி வரி

1

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். தண்ணீர் மோட்டாரைப் போடுகிறேன். பால் காய்ச்சுகிறேன். ஆறு மணிக்கு அத்தை (மனைவியின் அம்மா) பக்கத்து அறையில் பிரார்த்தனையை முடிக்கிறார். ஆறேகாலுக்கு இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். "மழை வருமா மாப்பிள்ளை?" என்பார். "தெரியல அத்தை" என்பேன். ஆறரைக்கு மோட்டாரை நிறுத்துகிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். ஏழரைக்குப் பேருந்து.

(இப்படித் தொடங்கும் கதையை நீங்கள் மூடிவைத்துவிடலாம். நானாக இருந்தால் மூடியிருப்பேன்.)

உண்மையில் இது தொடங்கியது ஒரு தொலைபேசி அழைப்பில். என் மனைவி வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் துறைத்தலைவர் கூப்பிட்டார். அவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"துறை சார்பா நினைவு மலர் போடுறோம் தம்பி. மேடத்தோட வாழ்க்கைக் குறிப்பு நீங்கதான் எழுதணும். ரெண்டே பக்கம். நீங்க எழுதுறவர்தானே?"

எழுதுபவன்தான். துணி துவைக்கும் இயந்திரம், மிக்ஸி ஆகியவற்றுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறேன். 'ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்' என்ற வரியை எங்காவது படித்திருந்தால், நீங்கள் ஏற்கெனவே என் வாசகர்.

"தலைப்புகூட வச்சாச்சு," என்றார். "'குடும்பமும் இறைவனும் இரு கண்களாக.' எப்படி?"

அப்படியானால் மைக்ராஸ்கோப்பில் எந்தக் கண்ணை வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. (கேட்டதாக ஒரு வரைவில் எழுதினேன். என்னைப் புத்திசாலியாகக் காட்டியது. நீக்கிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "பேராசிரியை அவர்கள் இளம் வயதிலேயே இறைபக்தி மிக்கவராக—"

அடித்துவிட்டேன். அவள் உதவிப் பேராசிரியை. அந்த 'உதவி'யை எங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே அத்தை எடுத்துவிட்டார்.

இரண்டாவது தொடக்கம்: "அவர் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். குறிப்பாக, மீன்களின் குடலில் வாழும் நாடாப்புழுக்களை—"

அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"புழுவா? முதல் வரியிலேயேவா?"

"அவ வேலை அதானே அத்தை."

"'உயிரியல்'னு போடுங்க. கௌரவமா இருக்கும்."

மூன்றாவது தொடக்கம்: "விடுமுறை நாளில் காலைப் பிரார்த்தனைக்குப் போய்விட்டு, வரும் வழியில் மீன்கடையில் குடல் வாங்கி வருவாள்."

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன். மீனை எல்லோருக்கும் விற்கும் மீன்காரர், குடலை இவளுக்குச் சும்மா கொடுப்பார். ஒருநாள் கேட்டார்:

"வீட்ல எத்தனை பூனைம்மா?"

"ஒண்ணுதான்," என்று என்னைக் காட்டினாள். "வேலைக்குக்கூட போகுது."

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா? காலையில் அரை மணி நேரம் கண்மூடி உட்கார்வாள். பத்து மணிக்கு மீன் குடலைக் கீறுவாள். இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்யாணமான புதிதில் சீண்டிப் பார்த்தேன்.

"நாடாப்புழுவையும் உன் ஆளுதான் படைச்சாரா?"

"ஆமா."

"எதுக்காம்?"

"உன்னையும்தான் படைச்சிருக்காரு. எதுக்குன்னு நான் கேட்டேனா?"

அவளிடம் ஒரு பிரார்த்தனைப் பட்டியல் இருந்தது. அம்மாவின் மூட்டுவலி, என் பதவி உயர்வு, ஆய்வகத்து மைக்ராஸ்கோப்புக்குப் புது பல்பு. பல்பு வந்தது. பதவி உயர்வு வரவில்லை.

"உன் விஷயத்துல நான் மட்டும் கேட்டா எப்படிடா? விண்ணப்பதாரர் கையெழுத்தே இல்ல."*

* அடிக்குறிப்பு: மூட்டுவலியைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். "முன்னைக்கு இப்ப பரவாயில்ல" என்றார். இதை எந்தப் பக்கத்துக்கு ஆதரவாக எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

4

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். அதில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

செய்முறை வகுப்பில் மாணவர்கள் கண்ணாடி ஸ்லைடில் இருக்கும் புழுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். அவள் வைக்கும் புழு பெரும்பாலும் மடங்கியிருக்கும், நடுவில் அறுந்திருக்கும், பாதித் தலை இருக்காது. நோட்டுகளிலோ முழுப் புழு இருக்கும். தலை, கழுத்து, ஒரே அளவில் கணுக்கள். பாடப்புத்தகத்தில் இருப்பது அதுதான். சிவப்பு மையில் எழுதுவாள்: 'அழகான புழு. எங்கே பார்த்தாய்?' பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம்.

எங்கள் சாப்பாட்டு மேசையில் இந்த நோட்டுகளுக்கு நடுவில்தான் தட்டு வைக்க இடம் தேட வேண்டும்.

"பாவம், அஞ்சு மார்க்காவது போடேன்."

"பாக்காததை வரைஞ்சிருக்குடா. இதுக்கு மார்க் போட்டா, நாளைக்கு இவங்க எதையுமே பாக்க மாட்டாங்க."

5

காய்ச்சல் என்றுதான் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் மதியம்வரை எல்லோரும் காய்ச்சல் என்றே சொன்னார்கள். அதற்குப் பிறகு இதயம் என்றார்கள்.

அந்த மதியம் அத்தை கீழே உணவகத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவள் கண் மூடியிருந்தாள்.

"தூங்குறாளா?"

"ஆமா அத்தை."

"நல்லது. எழுப்ப வேண்டாம்."

அத்தை கால்மாட்டில் உட்கார்ந்து உதடு அசையாமல் பிரார்த்தித்தார். நாற்பது நிமிடம். நாடி பார்க்க வந்த செவிலியர் இன்னொரு செவிலியரைக் கூப்பிட்டார். பிறகு எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

சாயங்காலம் வராந்தாவில் அத்தை கேட்டார்: "நான் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாளா?"

"கடவுள் பேரைச் சொன்னா அத்தை."

யோசிக்கவே இல்லை. ஒரு மிக்ஸிக் கையேட்டுக்குக்கூட இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார், சாப்பிடுகிறார். சொந்தக்காரர்கள் அனைவரிடமும் சொல்லியாயிற்று. துறைத்தலைவரிடமும்.

இப்போது அது அச்சில் வர வேண்டும். வாழ்க்கைக் குறிப்பின் கடைசி வரியாக.

"எழுதிட்டீங்களா?" என்று நேற்றும் கேட்டார்.

"கடைசி வரி மட்டும் பாக்கி."

"அதுல யோசிக்க என்ன இருக்கு? காதால கேட்டதே நீங்கதானே."

6

கைவசம் உள்ள முடிவுகள்.

அத்தையுடையது: "இறைவன் திருநாமத்தை உச்சரித்தபடியே—"

துறைத்தலைவருடையது: "'என் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கூறி—" (போன பருவத்தில் முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொரு பேருக்குப் பூஜ்ஜியம் போட்டவள்.) அப்படி அவள் சொல்லவில்லை என்றேன். "நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி, எப்பவாவது சொல்லியிருப்பாங்க" என்றார்.

என்னுடையது: "என் கையைப் பிடித்துக்கொண்டு—"

பிடிக்கவில்லை. ஊசி ஏற்றிய கை வலிக்கிறது என்று போர்வைக்குள் வைத்திருந்தாள். ஆனால் வாக்கியம் நன்றாக இருக்கிறது. கணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றன.

7

நாளை பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன. குறிப்பில் ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். பொய்யை எழுதினால் அத்தை அந்தப் பக்கத்தை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வார். எழுதாவிட்டால் ஏன் என்று கேட்பார். கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ஆகவே அந்த ஒரு வரியை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் அத்தையோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நியாயமாக முடிவெடுப்பீர்கள்.

அதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

அன்று மதியத்துக்குள் அத்தை அவளை இரண்டு முறை தன்னோடு சேர்ந்து பிரார்த்திக்க வைத்திருந்தார். சத்தமாக, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சேர்த்து. இரண்டு முறையும் அவள் மறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாவது முறை என்று சொல்லிவிட்டுத்தான் அத்தை கீழே போனார்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா வர்றாங்க. நான் தூங்கிட்டேன்னு சொல்லுடா."