பன்னிரண்டாம் மாதத்துப் பதில்

நாலாவது தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகுதான் ஸ்பானர் குடியை விட்டார். லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர், வீட்டுச் சொந்தக்காரர் வாய்வரைக்கும் ஒட்டிக்கொண்டது. மனைவி ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். முதல் மூன்று தடவையும் நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவள் என்பதால் இந்தத் தடவை அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தார். குடியை விட்டவர்கள் பிரார்த்தனைக் குழுக்களில் சேர்ந்தால் மறுபடி விழாமல் நிற்கிறார்களா என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஸ்பானரும் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கொரு தடவை ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்து, புருஷனைத் தனியாகவும் பெண்டாட்டியைத் தனியாகவும் வைத்துக் கேள்வி கேட்பாள்.

"மாத்திரையும் வேணும், மனுஷங்களும் வேணும். ரெண்டுல ஒண்ண விட்டாலும் கஷ்டம்," என்று சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பினார்.

மனுஷர்கள் கிடைத்தார்கள். டயர் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு காலை கூடும் குழு அது. பெரியண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவர் நடத்தினார். ஐந்தாம் மாதம் ஸ்பானர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "ஊரையெல்லாம் மேல ஏத்தி விட்டுட்டு நான் மட்டும் கீழ போய்க்கிட்டே இருந்தேன்," என்று அவர் ஆரம்பித்ததும் கூட்டம் சிரித்தது. முடிக்கும்போது பாதிப்பேர் கண்ணைத் துடைத்தார்கள். அதன்பின் புதிதாக யார் வந்தாலும் அவரைத்தான் பேசச் சொன்னார்கள்.

சொந்தபந்தம் என்று ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காத வீடு. இப்போது குழுவிலிருந்து பெண்கள் வந்தார்கள், "அக்கா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்கள். முதல் தடவை அப்படிக் கேட்டபோது ஸ்பானர் மனைவி குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

எட்டாம் மாதம் பெரியண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னுமா மாத்திரை போடுற தம்பி? அப்போ உன்னக் குணமாக்குனது யாரு, மருந்துக்கடைக்காரனா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்று மதியமே ஸ்பானர் மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டினார். அவள் பார்த்தாள். தடுக்கவில்லை.

பத்தாம் மாதம் அவருடைய டூல் பாக்ஸில், எண்ணெய்த் துணிக்குள் அரை பாட்டில் பிராந்தி அவள் கண்ணில் பட்டது. ஒரு சனிக்கிழமை.

"நாளைக்கு மைக்ல என்னங்க சொல்லுவீங்க?"

"போன வாரம் சொன்னதத்தான்." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்போ போய் வேற என்னத்தச் சொல்றது?"

ஒரு வருடம் முடிந்து கேள்விக்காரப் பெண் வந்த நாளில் பெரியண்ணன் மனைவியும் வந்திருந்தாள். அவள் கூடத்தில் இருக்க, கேள்வி சமையலறையில் நடந்தது. நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும்.

"கடைசி முப்பது நாள்ல அவர் குடிச்சாராக்கா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். சொன்னால் யார் யார் வீட்டுக்கு வராமல் போவார்கள் என்று ஒவ்வொரு முகமாக வந்து போனது.

"இல்ல."

"அவரும் இல்லன்னுதான் சொன்னார். சந்தோஷமா இருக்குக்கா," என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஸ்பானரே தாங்கமுடியாமல் பெரியண்ணனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பெரியண்ணன் திட்டவில்லை, கட்டிக்கொண்டு அழுதார். மனதார நம்பித்தான் சொன்னார்: "மூணு நாள் இந்த மாடியிலயே இரு. பச்சத் தண்ணி மட்டும் குடி. நாங்க கூட இருக்கோம், விட்டுடும்." அவளும் சரி என்றாள். இரண்டாம் நாள் அவர் கை நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே வலிப்பு வந்து விழுந்தார்.

உயிர் தப்பியது. பதினோரு நாள் கழித்துக் கண் விழித்தவருக்குக் காலையில் நடந்தது மதியத்தில் நினைவில்லை. மூளைக்கு வேண்டிய சத்து அடியோடு வற்றிவிட்டது, போனது பெரும்பாலும் திரும்பாது என்றார்கள்.

பெரியண்ணன் ஒரு தடவை வந்தார். கட்டிலருகே நின்றார், போனார். மற்றவர்களும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

அவள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். "அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். அதத் திருத்திக்கங்க."

டாக்டரம்மா ஃபைலை எடுத்துத் திருத்தினார். கோபப்படவில்லை. "இதே மாதிரி இன்னும் எத்தன 'இல்ல' இதுக்குள்ள இருக்கோ," என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் நெஜத்தச் சொல்லியிருந்தா?"

"அன்னைக்கே அட்மிட் பண்ணியிருப்போம்."

"பொழச்சிருப்பாரா? அதாவது, பழைய மாதிரி?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அனேகமா," என்றார். பிறகு, "உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலம்மா."

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு அவர்மேல் வருத்தமில்லை.

இப்போது தினமும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டவேண்டியிருக்கிறது. திறந்து கிடந்தால் அவர் தெருவில் இறங்கிவிடுகிறார், திரும்பி வரத் தெரிவதில்லை. பூட்டும் சத்தம் கேட்டதும் உள்ளிருந்து குரல் வரும்.

"எங்க போற?"

"வேலைக்குங்க. சாயங்காலம் வந்துடுவேன்."

"சரி, சரி."

அவள் சாவியைப் பைக்குள் போட்டுப் படியில் இறங்குகிறாள். நாலு படி தாண்டுவதற்குள் உள்ளிருந்து கதவு தட்டப்படுகிறது.

"யாரு வெளிய? எங்க போற?"