பெரியப்பா அடித்த பாஸ்வேர்ட்

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ஜென்மப் பகையாளி வாசலுக்கு வந்தாலும் "வாங்க" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். சண்டையெல்லாம் அதற்கப்புறம்தான். அன்றைக்குக் காலையில் பொங்கியண்ணன் பெரியப்பா எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தபோது எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. ஆனால் வாய் தானாக, "வாங்க பெரியப்பா, உக்காருங்க" என்றது.

அவருக்குப் பின்னால் மகள் சாய்ப்ரியா. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"அம்மணி, ஒரு உதவி பண்ணோணும். ராத்திரி அடிச்ச காத்துல மட்டை உழுந்து எங்கூட்டு நெட் ஒயரு அந்துபோச்சு. பாப்பாவுக்கு இன்டர்வியூ. என்ற போன் நெட்டுல பேசுனா, பாதியில கட்டாயிருச்சு. உன்ற வைஃபையைக் கொஞ்சம் குடுத்தீன்னா..."

ஆடிக் காற்றுக்குக்கூட நியாயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஊரில் எத்தனையோ தென்னை மரம், எத்தனையோ மட்டை. அந்த மட்டை பார்த்து விழுந்த ஒயர் அவருடையது.

பெரியப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை, பங்காளி. பொள்ளாச்சியைத் தாண்டி அடுத்தடுத்து எங்கள் இரண்டு வீட்டுத் தோப்பும் இருக்கிறது. நடுவில் ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி, ஒரு வண்டி போகிற அகலம். எங்கள் தோப்பையும் சேர்த்து வாங்கிப்போட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு வெகுநாள் ஆசை. அப்பா இருக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அப்பா போன பிறகு, "பொட்டைப்புள்ளைக ரெண்டு பேரும் இந்தக் காட்டுக்குள்ள என்ன பண்ணுவீங்க, எனக்கே எழுதிக் குடுத்துப்போட்டுக் கோயமுத்தூருக்குப் போயிருங்க" என்று ஆரம்பித்தார். நான் போகவில்லை. சரவணம்பட்டியில் எனக்கு நல்ல வேலை இருந்தது. அம்மாவைத் தனியாக விட முடியாது என்று கேட்டு, வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கி, இட்டேரி வழியாக ஃபைபர் ஒயர் இழுத்தேன்.

அந்த ஒயர் அறுந்தது. சரிசெய்தேன், மறுபடி அறுந்தது. "அணில் கடிச்சாட்டிருக்குது அம்மணி" என்றார் பெரியப்பா, உச்சுக்கொட்டிக்கொண்டே. அணில் கடித்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். இது ஒரே வெட்டு, அரிவாள் போட்ட வெட்டு. மூன்றாவது முறை ஒயர்க்காரர்கள் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மீட்டிங்கில் நான் பாதிப் பேச்சில் காணாமல் போவதைக் கம்பெனியும் எத்தனை நாள் பொறுக்கும். மரியாதையாகத்தான் போகச் சொன்னார்கள்.

குலதெய்வம் கோயில் பொங்கலுக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடியபோது நான் எழுந்து கேட்டுவிட்டேன். "ஒயரை வெட்டினது நீங்கதானுங்களா?" அவர் நேராக எழுந்து போனார். சாமி முன்னால் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் வெட்டலை, இது சத்தியம்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பெரியவர் மேல் வீண்பழி போட்டேன் என்று என்னைக் கைகூப்பித் தப்பு என்று சொல்ல வைத்தார்கள். சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். சாய்ப்ரியா அன்று சாயங்காலம் போனில், "அக்கா, நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நினைக்கலை" என்று ஒரு மெசேஜ் போட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி ஆளத்தானே அவர் ஒயரையே வெட்டினார், எனக்கு அது வேண்டாம். அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு சிம் போடுகிற ரூட்டர் ஒன்று வாங்கி, தண்ணீர்த் தொட்டி மேல் ஆன்டெனாவை நட்டு, டவர் பக்கம் திருப்பி வைத்தேன். இனி வெட்டுவதற்கு ஒயரே கிடையாது. கொப்பரை வியாபாரிகள் சில பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், பிழைப்பு ஓடுகிறது. ரூட்டரை மாட்டிய அன்று பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லி ஒரு கட்டம் வந்தது. கோயிலில் அவர் சொல்லியிருக்க வேண்டியதை அந்தக் கட்டத்துக்குள் அடித்து வைத்தேன். என்றைக்காவது ஒரு நாள் அவர் வருவார் என்று எனக்குத் தோன்றியது. இல்லை, தோன்றவில்லை, வேண்டிக்கொண்டேன்.

"எத்தனை நேரம் குடுத்திருக்காங்க?" என்று சாய்ப்ரியாவைக் கேட்டேன்.

"கால் மணி நேரத்துல திரும்ப வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம்க்கா. பாதி நேரம் போயிருச்சு."

லேப்டாப்பை வாங்கி மேசை மேல் வைத்துத் திறந்தேன். மூலையில் வைஃபை படம் மேல் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. இணைந்திருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை. பெரியப்பாவின் சட்டைப்பையில் இருந்த போன் ஹாட்ஸ்பாட்டோடு அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்புக்கு ஒரு புத்தி. பழகின பெயர் பக்கத்தில் தெரிந்தால், அதில் உயிர் இருக்கிறதா என்று பார்க்காது, ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். 'தானாக இணை' என்பதில் இருந்த டிக்கை எடுத்தேன். "போன்ல ஹாட்ஸ்பாட்டை அமத்துங்க பெரியப்பா, இல்லீன்னா மறுபடி அங்கயே ஓடும்" என்றேன். அவர் அவசர அவசரமாக அணைத்தார். பட்டியலில் எங்கள் பெயர் மட்டும் மிஞ்சியது. இந்துமதி தோப்பு. இந்துமதி நான்தான். பக்கத்தில் ஒரு பூட்டு.

அதைத் தொட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. லேப்டாப்பைப் பெரியப்பா பக்கம் திருப்பினேன்.

"நீங்களே அடிங்க பெரியப்பா."

"நான் அடிக்கறேன்க்கா, சொல்லுங்க" என்று சாய்ப்ரியா கையை நீட்டினாள்.

"நீ சும்மா இரு கண்ணு. உங்கப்பாதான் அடிக்கோணும்."

"எனக்கு இதெல்லாம் எங்க வருது அம்மணி" என்று சிரிக்கப் பார்த்தார்.

"தேங்கா வெலையெல்லாம் வாட்ஸ்அப்ல நீங்கதானுங்க அடிக்கறீங்க. தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிப்பீங்கல்ல, அதேமாதிரி. இடையில எடம் உடாம."

"சரி, சொல்லு."

"கோயில்ல நான் ஒண்ணு கேட்டேன் பாருங்க. அதுக்குப் பதில்தானுங்க பாஸ்வேர்ட்."

சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த என் அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் தேடித் தேடி ஏதோ அடித்தார். எழுத்துகள் புள்ளி புள்ளியாக மறைந்துகொண்டே போயின. கட்டத்தின் ஓரத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தேன். புள்ளிகள் எழுத்துகளாக மாறின. 'அணில்' என்று அடித்திருந்தார்.

"எட்டு எழுத்தாச்சும் வேணுமுங்க" என்றேன். "அணிலு பத்தாதுங்க."

சாய்ப்ரியா, "அப்பா, நேரமாகுதுப்பா" என்றாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கும் அக்காவுக்கும் ஏதோ வீம்பு என்றுதான் நினைத்திருப்பாள்.

பெரியப்பா அழித்துவிட்டு மறுபடி அடித்தார். இம்முறை நீளமாக. நான் கண் படத்திலிருந்து கையை எடுக்கவில்லை. 'நான் வெட்டலை.' அடித்து முடித்து அவரே பொத்தானையும் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றி நின்று, பாஸ்வேர்ட் தவறு என்றது.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. கோயிலில் அத்தனை பங்காளிகளும் தலையாட்டி ஏற்றுக்கொண்ட வார்த்தை. அந்தப் பெட்டி ஏற்கவில்லை.

"இது தப்பாமாங்க பெரியப்பா" என்றேன். "சரியானதை நானே சொல்லித் தாரேன். என் போடுங்க. ரெண்டு ஏ. மறுபடி என்."

விரல் நகரவில்லை.

"நான்தான் வெட்டினேன்னு அடிங்க."

சாய்ப்ரியா சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா?" என்று மெல்லக் கேட்டாள். அவர், "அவ கெடக்கறா, நெனச்சதை வெச்சிருப்பா, நீ வா, ரோட்டுக்குப் போனா டவர் கெடைக்கும்" என்று எழுந்தார். அவள் எழவில்லை. ரோட்டுக்குப் போகிற நேரம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது மட்டும் காரணமில்லை என்று அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

"அடிங்கப்பா" என்றாள்.

அவர் நின்றபடியே குனிந்து அடித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் மேலே போய், தயங்கி, இறங்கியது. நான் ஒரு எழுத்துகூட விடாமல் பார்த்தேன். மூன்று முறை அறுந்த ஒயர், போன வேலை, கைகூப்பி நின்ற அந்த நாள் எல்லாம் அந்த விரலோடு சேர்ந்து இறங்கின. இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், வெல்லம் தின்ற மாதிரி இனித்தது. கடைசி எழுத்து விழுந்ததும் வட்டம் சுற்றியது, ஆச்சரியக்குறி மறைந்தது, இணைந்துவிட்டது.

சாய்ப்ரியா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில் அவள் ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. முதலில் குரல் நடுங்கியது, அப்புறம் நிதானமாகிவிட்டது.

நானும் பெரியப்பாவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தோப்பையே பார்த்தார். ரூட்டரின் ஸ்விட்ச் என் தலைக்கு மேலே ஜன்னலோரம் இருந்தது. எழுந்து தட்டினால் போதும், அவர் மகள் பாதிப் பேச்சில் காணாமல் போவாள், நான் போன மாதிரியே. இரண்டு தடவை எழுந்தும் நின்றேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கடன்காரர் வேறு ஆள்.

"மனசு குளுந்துச்சா அம்மணி?" என்று கேட்டார்.

"குளுந்துச்சுங்க பெரியப்பா."

"அந்தத் தோப்பு ரெண்டும் ஒண்ணாயிருந்த பூமி. எங்க தாத்தன் காலத்துல பிரிச்சது. சேர்த்துப்போடலாம்னு..." என்று இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. பாப்பாகிட்ட நான் பேசிக்கறேன். புள்ளைகதான, மறந்துருவாங்க."

கதவு திறந்தது. சாய்ப்ரியா லேப்டாப்போடு வந்து எங்களுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் வைத்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நல்லாப் பண்ணியிருக்கேன். மத்தியானம் மேனேஜரோட இன்னொரு ரவுண்டாம்" என்றாள் என்னிடம்.

பெரியப்பா பெருமூச்சு விட்டு, கும்பிடுவதுபோல் கையைத் தூக்கினார். "சாமிதான் கண்ணு காப்பாத்துச்சு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வைஃபை பட்டியலைத் திறந்து, எங்கள் வீட்டுப் பெயர் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினாள். சின்னதாக ஒரு பட்டி விரிந்தது. அதில் 'மறந்துவிடு' என்ற வரியைத் தட்டினாள். இணைப்பு போயிற்று. இந்துமதி தோப்பு மறுபடி பூட்டோடு வந்து நின்றது. ஒன்றும் தெரியாத புது லேப்டாப் மாதிரி பாஸ்வேர்ட் கேட்டது.

"என்ன கண்ணு பண்ணிப்போட்ட? மத்தியானம் வேணும்னியே" என்று பதறினார்.

"ஆமாப்பா, வேணும்" என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "அடிங்க."

"இப்பத்தான அடிச்சேன்."

"அப்ப மனசுக்குள்ள படிச்சு அடிச்சீங்க. இப்ப வாய்விட்டுச் சொல்லிட்டே அடிங்க." அவள் கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "சின்னம்மா, சித்தே இங்க வாங்க."

கோயிலில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுத என் அம்மா, சாணிக் கையைக் கழுவிக்கொண்டு கட்டுத்தறியிலிருந்து வந்தாள். "வாங்க மாமா" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, எங்கள் மூவர் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றாள். பெரியப்பாவின் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தக் காற்றிலும் வேர்த்தது.

"அப்பா, நேரமிருக்குது. மெதுவா அடிங்க" என்றாள் சாய்ப்ரியா.

"நான்..." என்றார் பெரியப்பா. விரல் விசைப்பலகை மேல் முதல் எழுத்தைத் தேடி அலைந்தது. அது எங்கே இருக்கிறது என்று இந்தத் தடவை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.